பூஜ்யம் காட்டிய பெட்டி

ஜூன் 12, வியாழன்

இன்று முதல் தினமும் எழுதுவதென்று முடிவு. பெரிய மனிதர்கள் எல்லோரும் சோதனைக் காலத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறார்கள். என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் பள்ளிக்கூடம்தானே தவிர நான் இல்லை. தவசிமுத்து என்றால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. ரேடியோ, டிவி, படகு வயர்லெஸ் எல்லாம் பார்த்துவிட்டு இப்போது மச்சாது முதலாளியின் ஐஸ் கம்பெனியில் கரண்டிலிருந்து கம்ப்யூட்டர்வரை சகலமும் நான்தான்.

நேற்று காலை பதினொன்றே முக்காலுக்கு கம்பெனியில் அம்மோனியா கசிந்தது. ஐஸ் உறைய வைப்பதே அந்த வாயுதான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. இரண்டு மாதம் அரைத்தூக்கத்தில் கிடந்த மெஷினை முழு வேகத்தில் ஓட்டினார்கள். ஒரு வால்வில் கசிவை அடைக்கும் பாக்கிங் பிய்ந்துவிட்டது. மெஷின் ரூமில் ஆபரேட்டர் இசக்கியப்பன் மட்டும் இருந்தான். முகமூடி போடாமல் உள்ளே போயிருக்கிறான். நான் ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு புயல்போல் பாய்ந்து, அவனை முதுகில் போட்டுத் தூக்கி வந்தேன். எண்பது கிலோ. என் வயது ஐம்பத்தெட்டு. கூட்டமே வாயைப் பிளந்தது.

இசக்கிக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

மெஷின் ரூமின் கதவோரம் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். காற்றில் எவ்வளவு அம்மோனியா என்று சென்சார் மோந்து சொல்லும், திரையில் எண் வரும், இருபத்தைந்தைத் தாண்டினால் சைரன் ஊளையிடும். மூன்று வருஷத்துக்கு முன் என் அக்கா மகள் பியூலா செய்தது. அதாவது நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள்.

நேற்று சைரன் ஊளையிடவில்லை.

இன்று காலை முதல் ஆளாகப் போய்ப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். மெமரி கார்டைக் கழற்றி மாட்டினேன். நன்றாக வேலை செய்கிறது. திரையில் 4.

ஜூன் 13, வெள்ளி

என் பெண்சாதி ரஞ்சிதம் வைத்த ரசத்தில் அம்மோனியா வாடை. அவளுக்குத் தெரியவில்லையாம். பல்பொடியிலும் இருக்கிறது.

ஜூன் 14, சனி

முதலாளி பெட்டியைச் சோதித்தார். சின்ன அம்மோனியா பாட்டிலைத் திறந்து சென்சார் பக்கத்தில் காட்டினார். 4, 11, 19, 31. சைரன் அலறியது. துறைமுகத்துக் காக்கை எல்லாம் பறந்தது.

"பெட்டி நல்லாத்தானவே இருக்கு, தவசி?"

"என் கை பட்டதாச்சே முதலாளி" என்றேன்.

"அப்ப அன்னைக்கு ஏன் அடிக்கல?" அவரே கேட்டு அவரே பதிலும் சொன்னார். "இசக்கிதான் சைரன் சுவிச்ச அமத்திருக்கான். பிப்ரவரியில தரை கழுவும்போது காது வலிக்குதுன்னு அமத்துனாம்லா, மறந்துட்டியா? அதே சோலிய மறுபடி பாத்திருக்கான்."

எனக்கு அந்த நேரம் பார்த்து அடுக்கடுக்காகத் தும்மல் வந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. தும்மி முடிப்பதற்குள் முதலாளி ஆபீசுக்குப் போய்விட்டார். இருபத்தாறாம் தேதி தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறாராம்.

ஜூன் 15, ஞாயிறு

படகுகள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசக்கி மல்லாந்து கிடந்தான். முகத்தில் பாதி பஞ்சு. அவன் பெண்சாதி மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் இளநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தத்தை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டான். என் நடைக்கு அப்படி ஒரு கம்பீரம்.

"அண்ணாச்சி, முதலாளி வந்தாரு. சைரன அமத்துனியாலேன்னு கேக்காரு. நான் தொடவே இல்லையே!"

"சரிடே, அதையெல்லாம் இப்பம் யோசிக்காத."

"திரையப் பாத்துட்டுத்தான் உள்ள போனேன். சைபர்னு இருந்துச்சு. சைபர் இருக்கும்போது எவனாவது முகமூடி மாட்டுவானா? மூணு வாரமாவே சைபர்தான? நீங்களே சொன்னியள்லா, நான் சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம் கம்பெனியில கசிவே கிடையாதுன்னு."

மருந்து வேகத்தில் என்னென்னவோ பேசுகிறான். மாடத்தி என் முகத்தைப் பார்த்தாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

பேச்சு வந்ததால் மே மாதம் நான் செய்த சாதனை ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். விபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

கரண்ட் போய் வந்தால் பெட்டி உயிர்பெற ஒன்றரை நிமிஷம் ஆகும். முதலாளிக்கு எரிச்சல். நான் ஆராய்ந்ததில் குற்றம் கெர்னலில் இருந்தது. கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் தலைமை ஆள். திரை, விசைப்பலகை, சென்சார் எதுவானாலும் இவன் மூலம்தான் பேச வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனி கொடுக்கும் கெர்னலில் உலகத்தில் உள்ள அத்தனை சாமானுக்கும் ஆள் வைத்திருப்பார்கள். நமக்கு எதற்கு? வேண்டாததைக் கழித்து நாமே புதுசாகக் கட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒரு மெனு இருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

பியூலாவிடம் போனில் வழி கேட்டுக்கொண்டேன். சும்மா, அவள் மனம் நோகக் கூடாதே என்று. "பழைய கார்ட பத்திரமா வைங்க மாமா. புதுக் கார்டுல போட்டுப் பாருங்க. ஒண்ண அணைக்கும்போது அத நம்பி இருக்கதெல்லாம் சேந்து போகும், பாத்துச் செய்யுங்க" என்றாள். பக்கத்தில் ஐஸ் உடைக்கும் இரைச்சல். "தெரியும் தெரியும்" என்றேன்.

விளக்கமெல்லாம் இங்கிலீஷ். ஆனால் பல வரிகளின் கீழே ஒரே அறிவுரை இருந்தது: சந்தேகம் இருந்தால் 'இல்லை' என்று சொல். எனக்குச் சந்தேகம் என்பதே வராது. இருந்தாலும் எழுதியவனை மதித்து, புரியாத பெயருக்கெல்லாம் 'இல்லை' போட்டேன். அறிவுரை இல்லாத வரிகளுக்கும் அதே நீதி. நூற்று நாற்பது வரி காலி. ஐ-டூ-சி என்று ஒன்று இருந்தது. அதெல்லாம் ஒரு பெயரா? காலி.

ஒன்றரை நிமிஷம் இருபத்திரண்டு விநாடியானது. அதுமட்டுமில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று ஆடிக்கொண்டிருந்த திரை எண் பளிச்சென்று சைபரில் நின்றது. உள்ளே அடைந்திருந்த குப்பை போனதும் அளவு சுத்தமாகிவிட்டது என்று முதலாளிக்கு விளக்கினேன். ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக் கொடுத்து எல்லோர் முன்னாலும் கையைக் குலுக்கினார். இசக்கிதான் முதலில் கைதட்டினான். எங்கள் மூக்குக்கு அம்மோனியா வாடை வீட்டு வாடை மாதிரி. அது இருக்கிறதா இல்லையா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. திரையைத்தான் பார்ப்போம்.

இது நடந்தது மே 22. எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

காய்கறிக் கடையில் நிற்கும்போது சைரன் கேட்டது. சரியாகப் பதினொன்றே முக்கால். "கேட்டியளா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "என்னது?" என்றார். தராசில் தட்டை எடுத்ததும் சிவப்பு எழுத்தில் சைபர் வந்தது. கத்தரிக்காயை வாங்காமலே வந்துவிட்டேன்.

கம்பெனிக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். 5. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். 3. அப்புறம் 4. சைபர் வரவில்லை.

ஜூன் 18, புதன்

பியூலா சென்னையிலிருந்து வந்தாள். கையில் ஒரு லேப்டாப், தோளில் ஒரு பை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூட வராமல் கம்பெனிக்குத்தான் போனாள்.

"எம் பெட்டியாலதான் மாமா ஒரு மனுசனுக்குக் கண்ணு போயிருக்கு."

"ஏட்டி, சும்மா இரு. சைரன அவன்தான் அமத்தினானாம். முதலாளியே சொல்லுதாரு."

"மாடத்தி அக்கா போன்ல சொன்னாக, அந்த அண்ணன் சைபர்தான் பாத்தாகளாம். சைரன அமத்துனா சத்தந்தான் வராது. நம்பர் எப்படி சைபராகும்?"

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. தோன்றினால் சொல்ல வேண்டும் என்று சட்டமா?

மூன்று மணி நேரம் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டி தன் கதையை நிமிஷத்துக்கு ஒரு வரி கார்டில் எழுதிவைக்குமாம். எனக்கு அது தெரியாது, அதாவது மறந்துவிட்டது.

"மாமா, மே இருபத்திரண்டுலேருந்து ஜூன் பன்னெண்டு வரைக்கும் ஒரு வரிகூட இல்ல."

"தடைக்காலம்லா. கரண்ட் மிச்சம்னு பெட்டிய நிப்பாட்டி வச்சிருந்தோம்."

"இசக்கி அண்ணன் தெனமும் பாத்தேன்னு சொல்லுதாகளே."

"அவன் கண்ணு…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

பியூலா என்னைப் பார்த்தாள். அப்புறம் லேப்டாப்பை மூடினாள். "பசிக்கி மாமா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். ரஞ்சிதம் முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "இப்பமே சொல்லிட்டேன், மீனுல அம்மோனியா நாறுதுன்னு சொன்னிய, நானே ஆஸ்பத்திரில கொண்டு சேத்துருவேன்" என்றாள் என்னைப் பார்த்து.

"இது என்னன்னு தெரியுதா மாமா?"

"தெரியாம என்ன? கெர்னல் மெனு. நான் பாக்காத மெனுவா?"

"இந்தப் பக்கத்துல நம்ம சென்சார் சிப்புக்கு ஒரு வரி இருக்கு, பாருங்க. எத்தனாவது வரி?"

விரலை வைத்து எண்ணினேன். "ஒம்பது."

"நல்லாப் பாத்துக்கங்க." அந்தப் பக்கத்தைவிட்டு வெளியே போனாள். வேறெங்கோ ஒரு வரிக்கு 'இல்லை' போட்டாள். என்ன வரி என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தாள். "இப்பம் ஒம்பதாவது என்ன?"

வேறு ஏதோ இருந்தது. எட்டும் பத்தும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. நடுவில் காலி இடம்கூட இல்லை. பந்தியில் ஒருவர் எழுந்துபோனால் இலையாவது கிடக்கும். இங்கே இலையும் இல்லை, அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்ற தடமும் இல்லை.

"அத யாரு எடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கல. நான் அதத் தொடவே இல்லையே. அது எதுமேல நிக்குதோ அத அணைச்சேன். சென்சார் சிப்பு பேசுறதுக்கு ஒரு பாதை வேணும். ஐ-டூ-சின்னு பேரு. அது இருந்தாத்தான் இந்த வரியே கண்ணுல படும். அது போனா இத நம்மகிட்ட காட்டவே காட்டாது."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? இத அணைச்சா அது போகும், சரியான்னு?"

"கேக்காது மாமா. அதப் பொறுத்தவரை நாம தப்பு எதுவும் பண்ணல. பாதை வேண்டாம்னு சொன்னோம், சரின்னுடுச்சு. சில வரி வேற ரகம். அத நாம வேணும்னு சொன்னா தனக்குத் தேவையானத தானே இழுத்துட்டு வந்துரும். இது அப்படியில்ல. கீழ உள்ளது இருந்தா இருக்கும், இல்லேன்னா சத்தமில்லாமப் போயிரும்."

"போனதக் கண்டுபிடிக்கவே முடியாதா?"

சாய்வுக் கோட்டுப் பொத்தானை அழுத்தி அந்தச் சிப்பின் பெயரைத் தேடினாள். மெனுவில் இல்லாதது தேடலில் வந்தது. பெயர், அது இருக்க வேண்டிய இடம், எதை நம்பி இருக்கிறது, நம்பியதன் இப்போதைய நிலை என்ன, எல்லாம். நிலை: இல்லை.

"பெயரச் சொல்லிக் கேட்டா சொல்லிரும் மாமா" என்றாள் பியூலா. திரையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

எனக்கு மூக்கு எரிந்தது. மீன் வாடைதான்.

ஜூன் 20, வெள்ளி

துறைமுகத்துக்குக் காற்று வாங்கப் போனேன். படகுத்துறையின் கடைசிவரை நடந்தேன். சட்டைப் பையில் ஒரு சாமான் இருந்தது. தண்ணீர் ஆழமாகத்தான் இருந்தது. ஒருவன் "என்ன அண்ணாச்சி, கடல்ல எதையும் போட்டுட்டியளா, அப்படிப் பாக்கிய?" என்று கேட்டான்.

சாமான் இன்னும் பையில்தான் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மாடத்தி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். ரஞ்சிதம் கொடுத்த காபியைக் கையில் வைத்தபடியே பேசினாள்.

"அண்ணாச்சி, நாந்தான் அமத்திருப்பேன் போலன்னு இவுக சொல்லுதாவ. ராத்திரி பகலா அதே யோசன. 'பெட்டி சரியா இருக்குன்னா நாந்தான தப்பு? சைபர்னு பாத்தேன்னு நெனச்சேன், பாக்கலியோ என்னமோ'ன்னு பொலம்புதாவ. சுவிச்சு எப்படி இருந்துச்சு, எந்தக் கையால அமத்துனேன்னுகூட இப்பம் சொல்ல ஆரம்பிச்சுட்டாவ."

"அப்படியா சொல்லுதான்?"

"முதலாளி நல்ல மனுசர். தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா போதும், விசாரணையோட முடிஞ்சுரும், கண்ணு எப்படி இருந்தாலும் வாட்ச்மேன் வேல தாரேன்னுட்டாரு. இவுகளால எழுத முடியாதுல்லா. எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். நீங்க அழகா எழுதுவியள்லா…"

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எழுதிக் கொடுத்தேன். 'ஜூன் 11 அன்று எச்சரிக்கை சைரனை நானே என் கையால் அணைத்தேன் என்பதையும், முகமூடி அணியாமல் சென்றது என் கவனக்குறைவே என்பதையும்…' அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் ஒரு பக்கம். மாடத்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஒங்க உதவிய மறக்க மாட்டோம்" என்றாள்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பியூலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாடத்தி தெருமுனையைத் தாண்டும்வரை நின்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

முதுகு சம்பந்தமாக ஒரு திருத்தம். இசக்கியைத் தூக்கி வந்தது நான் இல்லை. ஐஸ் உடைக்கும் இரண்டு பேர் போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே ஈரத் துண்டோடு நின்றேன். துண்டு ஈரமாக இருந்தது உண்மை.

ஜூன் 24, செவ்வாய்

சைரன் இன்று மூன்று தடவை. ரஞ்சிதம் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

கண்ணை மூடினால் அந்த மெனு வருகிறது. வரி வரியாக இறங்கிப்போகிறேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு ஆள் நிற்கிறான், முகத்தில் பஞ்சு. எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஒருவன் குறைகிறான். வரிசையில் மட்டும் இடைவெளியே இல்லை.

ஜூன் 25, புதன்

பியூலா கோயிலுக்குப் போன நேரம் லேப்டாப்பைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்கவில்லை. எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மெனு தயாராகத் திறந்திருந்தது.

நானே ஐ-டூ-சி-க்கு 'இல்லை' போட்டேன். ஒன்பதாவது வரி போய்விட்டது. 'ஆம்' போட்டேன். வந்துவிட்டது. இல்லை. ஆம். இல்லை. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் 'ஆம்' போட்டதும் அது பழைய இடத்துக்கே, கோபதாபம் இல்லாமல், வந்து நின்றது. இசக்கியின் கண்ணுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

பிறகு பெயரைப் போட்டுத் தேடினேன். சிப்பு எதை நம்பியிருக்கிறது? பாதையை. எண் எதை நம்பியிருக்கிறது? சிப்பை. சைரன் எதை? எண்ணை. இசக்கி எதை? திரையை. இதுவரை மெனுவே சொன்னது மாதிரி இருந்தது. அதற்கு மேல் தேட அதில் வசதி இல்லை, நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது. இசக்கி திரையை ஏன் நம்பினான்? நான் சொன்னதால். மக்ரூன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனி முழுக்கக் கேட்கும்படி, "இனிமே மூக்க நம்பாதிய, திரைய நம்புங்க" என்று சொன்னதால்.

இதைப் போன வாரம் எழுதும்போது விட்டுவிட்டேன். மறதி இல்லை.

ஜூன் 26, வியாழன்

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயது அம்மா, பருத்திப் புடவை, அதிகம் பேசாதவர். ஆபீசில் முதலாளி, மாடத்தி, பியூலா, நான். மாடத்தி கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கு. யார் எழுதுனது?"

"நம்ம தவசிதான்மா" என்றார் முதலாளி, நான் வாயைத் திறக்குமுன்.

"பெட்டியக் கடைசியாத் திறந்து வேலை பாத்தது யாரு?"

"யாரும் தொடலம்மா. இந்தப் பொண்ணு செஞ்சு குடுத்தது அப்படியே இருக்கு. நாங்களே பாட்டில் வச்சு சோதிச்சிட்டோம். ஜம்முனு அடிக்கி" என்றார் முதலாளி. மக்ரூன் அவருக்கு ஞாபகம் இல்லை.

பியூலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் வேண்டிய பதில் மேஜைமேல், என் கையெழுத்தில் கிடந்தது.

என் கை சட்டைப் பைக்குள் போனது. மூளையைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

"அம்மா, இன்னொரு கார்டு இருக்கு" என்றேன். "விபத்து அன்னைக்குப் பெட்டியில இருந்தது இதுதான். மறுநாள் காலையில நாந்தான் மாத்துனேன்."

முதலாளி "ஏவே!" என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

எல்லோரும் மெஷின் ரூமுக்குப் போனோம். கார்டை மாற்றி மாட்டினேன். இரண்டு தடவை தவறியது. இருபத்திரண்டு விநாடி. திரையில் 0. முதலாளி பாட்டிலைத் திறந்து சென்சாரிடம் காட்டினார். 0. இன்னும் கிட்டத்தில் காட்டினார். எங்களுக்கெல்லாம் கண் எரிந்து தண்ணீர் ஊற்றியது. ஆய்வாளர் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மாடத்தி இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 0. சைரன் சுவிட்ச் போட்டபடிதான் இருந்தது. ஒரு சத்தமில்லை. இந்தத் துறைமுகத்தில் நாற்பது வருஷமாக இருக்கிறேன், இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

வெளியே வந்து எல்லோரும் முகம் கழுவிய பிறகு பியூலா பெட்டியை ஆபீசுக்குக் கொண்டுவந்து அதில் ஏதோ ஒரு வரி தட்டினாள். கெர்னல் தன்னைக் கட்டியது யார், எப்போது என்று உள்ளுக்குள்ளேயே எழுதி வைத்திருக்குமாம். மே 22, மாலை 4 மணி 10 நிமிஷம். பக்கத்தில் என் பெயர். இப்படி ஒரு வழக்கம் உண்டென்று நான் அறிந்ததில்லை.

"இது யாரு?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"நான்தாம்மா."

முழுசாகச் சொன்னேன். நூற்று நாற்பது வரி, 'இல்லை', மக்ரூன், கார்டு மாற்றியது, கடிதம். அலங்காரம் எதுவும் செய்யவில்லை. சொல்லி முடிக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பியூலாவும் சொன்னாள்: "சென்சார் கெடைக்கலேன்னா கத்தணும்னு நான் ப்ரோகிராம்ல எழுதியிருக்கணும் மேடம். சைபர்னு காட்டுற மாதிரி விட்டது என் தப்பு. அதையும் எழுதிக்குங்க."

மாடத்தி மேஜையிலிருந்த கடிதத்தை எடுக்கக் கை நீட்டினாள். ஆய்வாளர் கொடுக்கவில்லை. "இதுவும் எனக்கு வேணும்மா" என்றார் என்னைப் பார்த்தபடி.

மாடத்தி என்னைத் தாண்டி வெளியே போனாள்.

ஜூன் 27, வெள்ளி

"நான் முன்னாடி போய்ச் சொல்லட்டுமா மாமா?" என்று பியூலா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தாள்.

மாடத்தி அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "அவுகளே சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாள். என்னிடம் இல்லை, நர்சிடம்.

இசக்கியின் வலது கண்ணில் கட்டை அவிழ்த்திருந்தார்கள். வெளிச்சமும் நிழலும் தெரிகிறதாம், போகப் போகத் தெளியுமாம். இடது கண் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணாச்சியா? உருவம் மட்டும் தெரியுது. வாங்க. லெட்டரக் குடுத்தாச்சா? முதலாளி என்ன சொன்னாரு?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு மாதிரி சொல்லிவிடுவேன் என்று பயம். அவன் குறுக்கே பேசவில்லை.

"அப்பம் நான் அமத்தலியா?"

"இல்லடே."

"சைபர்னுதான் இருந்துச்சா?"

"சைபர்தான்."

"நான் பாத்தது சரியா?"

"சரியாத்தான் பாத்த."

அவன் அழ ஆரம்பித்தான். நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. பெரிய சுமையை இறக்கி வைத்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி, வாயைத் திறந்து, சத்தம் போட்டு. "நான் அமத்தல மாடத்தி, கேட்டியா? நான் அமத்தல" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினான். "சரி, சரி, கண்ணுல தண்ணி வரக் கூடாது, டாக்டர் சொல்லிருக்காரு" என்று அவள் துடைத்துவிட்டாள். அவளுக்கும் நிற்கவில்லை. ஒரு நிமிஷம் அவர்கள் இரண்டு பேரும் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன்.

அழுகை அடங்கியதும் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். அந்த ஒரு கண்ணைச் சுருக்கி, நிழலில் என் முகம் எங்கே என்று தேடினான்.

"அந்த லெட்டர எழுதும்போது ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

வாயில் பத்துப் பதில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் அழகான பதில்.

"தெரியும்" என்றேன்.

அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "மாடத்தி, அவரக் கூட்டிட்டுப் போய் வெளிய விட்டுட்டு வா" என்றான். இருபது வருஷத்தில் அவன் என்னை அண்ணாச்சி என்று சொல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை.

மாடத்தி கேட்வரை கூட நடந்தாள். திரும்பி இசக்கியிடம் போகும்போது நடையைக் கூட்டினாள்.